போர்வையும் வேடமும்

மனிதனின் உடலோடு ஒட்டி வாழும் பொருள் ஆடை. அதனாலேயே அது அவன் மொழியோடும் ஒட்டிக்கொண்டது. ஒரு சமுதாயம் எதை மறைக்க விரும்பியது, எதைக் காட்ட விரும்பியது என்பதை அறிய வேண்டின், அச்சமுதாயம் ஆடைக்கு இட்ட பெயர்களையும், அப்பெயர்களை அது வழங்கிய இடங்களையும் நோக்கினால் போதும். அரபு மொழியில் 'லிபாஸ்' என்பது ஆடையைக் குறிக்கும் பொதுச்சொல். அதனையும், தமிழில் அதற்கு நேராக நிற்கும் 'போர்வை' என்னும் சொல்லையும் பற்றி ஈண்டுச் சிறிது சிந்திப்போம். இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நம் இல்லங்களில் அன்றாடம் எழும் ஓர் அறக்கேள்வி இச்சொற்களுக்குள்ளே பொதிந்து கிடக்கின்றது.

திருமறை இச்சொல்லைப் பல இடங்களில் ஆளுகின்றது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்கின்றது ஓரிடம் (2:187). இரவு மனிதனுக்கு ஆடையாக்கப்பட்டது என்கின்றது மற்றோரிடம் (78:10). வெட்கத்தை மறைக்கும் ஆடையை இறைவன் அருளியதைக் கூறிவிட்டு, இறையச்சம் என்னும் ஆடையே மேலானது என்று உணர்த்துகின்றது இன்னோரிடம் (7:26). நன்றி கொன்ற ஓர் ஊராரைப் பசியும் அச்சமும் ஆடைபோல் சூழ்ந்ததாகச் சொல்கின்றது வேறோரிடம் (16:112). இடைவெளியின்றி ஒட்டிச் சூழ்தல் என்னும் ஒரே கருத்து இந்நான்கிலும் ஊடுருவி நிற்பதைக் காணலாம்.

இனி இச்சொல்லின் வேரைப் பார்ப்போம். லாம், பா, ஸீன் என்னும் மூன்று எழுத்துகள் அதன் அடி. 'லபிஸ' என்றால் உடுத்தினான். நடு எழுத்தின் உயிர்க்குறியை மட்டும் மாற்றி 'லபஸ' என்றால், ஒன்றை மற்றொன்றோடு கலந்து குழப்பினான் என்று பொருள். உண்மையைப் பொய்யோடு கலக்காதீர் என்று தடுக்கும் இடத்திலும் (2:42), தம் ஈமானை அநீதியோடு கலவாதவர்க்கே அச்சமற்ற வாழ்வு என்று கூறும் இடத்திலும் (6:82) வருவது இவ்வினையே. ஏமாற்றுதலுக்கு அரபியர் இட்ட 'தல்பீஸ்' என்னும் பெயரும் இவ்வேரிலிருந்தே கிளைத்தது. ஹிஜ்ரி 597இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ, ஷைத்தான் மனிதர்களை மயக்கும் வழிகளைத் தொகுத்த தம் நூலுக்குத் 'தல்பீஸ் இப்லீஸ்' என்றே பெயரிட்டார். மானம் காக்கும் ஆடையும், உண்மையைப் புதைக்கும் வஞ்சனையும் ஒரே வேரில் முளைத்திருக்கின்றன.

தமிழும் இதில் பின்தங்கவில்லை. குளிரில் நடுங்குவோனைக் காப்பது போர்வை. 'நண்பன் என்ற போர்வையில் வந்தான்' என்றால் அதே சொல் வஞ்சகத்தைச் சுட்டுகின்றது. பசுத்தோல் போர்த்திய புலி என்பது நம் மக்கள் வழக்கு. வள்ளுவரோ கூடாவொழுக்கத்தைப் பேசுமிடத்து, புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேயும் பசுவைக் காட்டினார். முன்னது கொடுமை, சாந்தத்தின் வேடம் பூணுவது. பின்னது மனவலியற்றவன், தவவலிமையின் வேடம் பூணுவது. இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஆடைக்கு 'அறுவை' என்பது பழந்தமிழ்ப் பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவரின் பெயரிலேயே அது விளங்குகின்றது. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி. மறைக்கும் பொருளுக்கு வெட்டும் செயலால் பெயரிட்டனர் நம் முன்னோர். இதனை நினைவில் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

நாம் வாழும் திருவண்ணாமலை, ஆடையைப் பற்றிச் சிந்திப்பதற்கென்றே அமைந்த ஊர் எனலாம். மலையைச் சுற்றிவரும் பாதையில் காவி உடுத்தோரை எந்நாளும் காணலாம். அவர்களுள் உண்மைத் துறவியரும் இருப்பர். வயிற்றுக்காக உடுத்தோரும் இருப்பர். துணியை மட்டும் பார்த்துப் பிரித்தறிய எவராலும் இயலாது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இவ்வூருக்கு வந்த பதினாறு வயது இளைஞர் ஒருவர், தம் வேட்டியிலிருந்து ஒரு கோவணத்துக்கு மட்டும் கிழித்துக்கொண்டு எஞ்சியதை எறிந்துவிட்டார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டவர். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மறையும் வரை அவருடைய உடை அவ்வளவே. முறைப்படி துறவறம் ஏற்றுக் காவி தரிக்கவும் இல்லை. தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தல் ஆண்மகனுக்குக் கடமை என்பது நமது ஷரீஅத். ஆகவே அவ்வுடை நமக்குரியதன்று. அவர் கொள்கையும் நமதன்று. எனினும், தம் தவத்துக்கு ஆடையை விளம்பரப் பலகையாக்காத அவ்வியல்பு எவரும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

நம்மவரிடையேயும் இச்சிக்கல் உண்டு. 'ஸூஃபி' என்னும் பெயர் கம்பளியைக் குறிக்கும் 'ஸூஃப்' என்பதிலிருந்து வந்தது என்பர். ஹிஜ்ரி 465இல் மறைந்த இமாம் குஷைரீ இச்சொல்லாக்கம் மொழிக்கு ஒத்ததே என ஒப்புக்கொண்டு, ஆயினும் அக்கூட்டத்தார் கம்பளி உடையால் தனித்தறியப்பட்டவர் அல்லர் என்று தெளிவுபடுத்தினார்.

இதுவரை நாம் கூறியது தன்னைத் தான் மறைத்துக்கொள்வது பற்றி. இதனினும் கடினமானது, பிறர் குறையை நாம் மறைப்பது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்பது நபிமொழியின் கருத்து. மாஇஸ் (ரலி) என்பார் தம் பாவத்தைத் தாமே வந்து ஒப்புக்கொண்டபோது, அவ்வாறு வரத் தூண்டியவரிடம், உம் ஆடையாலேயே அவரை மறைத்திருந்தால் உமக்கு நன்றாயிருந்திருக்கும் என்னும் கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உரைத்தார்கள்.

இதனைக் கொண்டு, எல்லாக் குறையையும் மறைப்பதே அறம் என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். மாப்பிள்ளையின் குடிப்பழக்கம் தெரிந்தும் பெண் வீட்டார் வந்து விசாரிக்கும்போது, "நல்ல பிள்ளை" என்று சொல்லி அனுப்பும் அண்டை வீட்டாரை நாம் அறிவோம். குமரு கரையேறட்டும் என்று மகளின் நோயை மறைக்கும் பெற்றோரை அறிவோம். அடிபட்டுத் தாய்வீடு வந்தவளை, "கணவனின் ஆடையல்லவா நீ, மறைத்துக்கொள்" என்று திருப்பியனுப்பும் பெரியவர்களையும் அறிவோம். இவர்கள் அணிவிப்பது லிபாஸா, தல்பீஸா?

விடையும் நபிவழியிலேயே கிடைக்கின்றது. ஒருமுறை கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. ஈரத்தை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, வஞ்சிப்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்னும் பொருள்பட எச்சரித்தார்கள். நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக விலைபோகும் நம் வட்டாரத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அங்கே உலர்ந்த மணிகளே ஈரமணிகளுக்குப் போர்வையாயின.

தானியத்துக்கே இவ்விதி என்றால், ஆயுள் முழுதும் தொடரும் மண வாழ்வுக்கு என் சொல்வது? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை மணக்க இருவர் கேட்டனர். அவர் யோசனை கேட்டு வந்தபோது, ஒருவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர், மற்றவர் பொருளற்றவர் என்று நபிகள் (ஸல்) அவர்கள் ஒளிவின்றிக் கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு சொன்னார்கள். பிறர் குறையை மறைக்கச் சொன்ன அதே திருவாய் மொழிந்ததே இதுவும். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ, புறங்கூறல் குற்றமாகாத ஆறு இடங்களை வகுத்தபோது, அநீதிக்கு உள்ளானவர் முறையிடுவதையும், திருமணம் போன்றவற்றில் யோசனை கேட்பவரை எச்சரிப்பதையும் அவற்றுள் அடக்கினார்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, மறைக்கலாமா கூடாதா என்பதன்று. இப்போர்வை எவரைக் காக்கின்றது என்பதே. வருந்தித் திருந்தும் ஒருவனின் பழைய பிழை பிறரைத் தீண்டுவதில்லை. அதன்மேல் போர்வை இடுவது கடமை; அதனை நீக்குபவன் கொடியவன். இன்னும் தொடரும் தீமையின்மேல் போர்வை இடுவதோ சீழ்கோத்த புண்ணைத் துணியால் சுற்றுவது போன்றது. அங்கே முதலில் வேண்டுவது அறுவை; பின்னரே கட்டுத்துணி. அறுக்கும்போதும் புண்ணளவே அறுக்க வேண்டும். "இந்த இடம் பொருந்தாது" என்ற ஒரு சொல்லே போதுமெனில், அதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது. எச்சரிக்கை என்று தொடங்கிக் கதை பேசி முடிப்பதும் தல்பீஸே.

கணவன் மனைவியரை ஆடை என்ற திருவசனம் இருவரையும் சேர்த்தே ஆடை என்றது. கைநீட்டி அடிப்பவன் தன் பங்கு ஆடையைத் தானே கிழித்துவிட்டான். கிழிந்ததைத் தைக்க வேண்டியவன் அவன். அவள் மௌனத்தை நூலாக்கித் தைக்கச் சொல்வது நீதியன்று.

மறைத்தல் எங்கே தடையின்றி முழுமை பெறுகின்றது என்று கேட்டால், மையித்தைக் குளிப்பாட்டும் இடத்தைக் காட்டலாம். கழுவுவோர் அவ்வுடலில் கண்ட குறை எதையும் வெளியே சொல்லலாகாது என்பது சட்டம். இறந்தவரின் உடற்குறை இனி எவரையும் தீண்டாது. ஆதலால் கஃபன் துணியோடு அக்குறையும் மூடப்படுகின்றது. உயிரோடிருப்போரின் குறைகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்த்தே நாம் போர்வையை எடுக்க வேண்டும்.