கித்தார் ஏந்திய சேவகன்

பக்திக்கு மின்கித்தார் ஆகுமா? மலேசியாவின் மலாக்காவிலுள்ள சுங்கை ரம்பாய் வட்டாரத்தில் இந்தக் கேள்வி வேறு வடிவில் எழுவதுண்டு. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குக் காவடி போகும்போது, உருமி மேளத்தின் வேகம் வழிபாடா, வெறும் ஆட்டமா?

பெங்களூரின் ‘அகம்’ ராக் குழு இதே கேள்வியை இசைத்தட்டுகளில் சுமந்து வருகிறது. 2003 இல் பிறந்த குழு அது. 2012 இல் முதல் ஆல்பம், ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’. 2017 இல் ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன்.

முதல் ஆல்பத்தில் தியாகராஜரின் ‘பண்டுரீதி’ இருக்கிறது. ஹம்சநாத ராகம். ராமனிடம் சேவகனாக நிற்கும் வேலையைக் கேட்கும் கிருதி அது. மெய்சிலிர்ப்பே கவசம், ராமபக்தன் என்பதே முத்திரை வில்லை, ராமநாமமே வாள் என்று காவல்காரனின் கோலத்தை அடுக்குகிறார் தியாகராஜர். அந்தப் போர்க்கோலத்துக்கு டிரம்ஸும் உறுமும் கித்தாரும் அந்நியமல்ல. சபா மேடையின் அமைதியில் மறைந்துபோகும் வீரம் இங்கே வெளிப்படுகிறது.

ஆனால் பக்தியில்லாத சங்கீத ஞானம் நல்வழி சேர்க்காது என்று பாடியவரும் அவரே. பாடுபவனின் பக்தியை எந்தக் காது அளக்கும்? கருவியை வைத்து அளக்க முடியாது, நிச்சயமாக. சொல்லை வைத்து ஓரளவு முடியும். ஹரீஷ் சாகித்யத்தைத் தெளிவாக உச்சரிக்கும் இடங்களில் வேண்டுதல் கேட்கிறது. டிரம்ஸ் சொல்லை விழுங்கும் இடங்களில் ராகம் மட்டுமே மிஞ்சுகிறது. செங் ஊர்வலத்திலும் வேலவன் பெயர் காதில் விழும்வரை உருமி எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் முழங்கட்டும்.