செஞ்சோற்றுக் கடன்

வடசேரிச் சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுப் பக்கத்துச் சாயாக் கடையில் சற்று உட்காருவது என் வழக்கம். 2017 ஜனவரியில் ஒரு நாள் அங்கே ஒரே பேச்சு. எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த தேஜ் பகதூர் யாதவ் என்ற ஜவான், தீய்ந்த ரொட்டியையும், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்ட பருப்புத் தண்ணீரையும் படம் பிடித்து உலகத்துக்கே காட்டிவிட்டார். அரசாங்கம் சாமான்களை ஒழுங்காகத்தான் அனுப்புகிறது, நடுவில் அதிகாரிகள் விற்றுவிடுகிறார்கள் என்பது அவருடைய புகார்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

"தின்ன சோத்துக்கு ஒரு நன்றி வேண்டாமாடே, தம்பி? வீட்டுச் சங்கதியை நடுத்தெருவுல கொண்டு போட்டுட்டானே!"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவும் இல்லை.

நாம் கும்பகர்ணனைப் போற்றுகிறவர்கள். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அந்த அண்ணனுக்காகவே போய் மடிந்தவன் அவன். விபீஷணன் பக்கம் தர்மம் இருந்தது. இருந்தும் ஒருவனை விபீஷணன் என்று சொன்னால் அது வசையாகத்தான் விழுகிறது. செஞ்சோற்றுக் கடன் நமக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

சரி, அந்தக் கடன் யாருக்கு? ஜவானுக்குச் சோறு போடுவது நாடு. நடுவில் சாமானை வாங்கி வைக்கிறவரல்ல. புகார் உண்மையானால் சோற்றுக் கடனை மறந்தவர் விற்றவரே அல்லவா?

அந்த ஏப்ரலிலேயே யாதவ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உணவைப் பற்றிப் பொய்க் குற்றம் சாட்டினார், முறைப்படி மேலிடத்தில் முறையிடவில்லை, காவல் பணியில் கைபேசி வைத்திருந்தார் என்று படையின் சொந்த நீதிமன்றம் முடிவு செய்தது. கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கி ஏந்தியவர்கள் ஆளுக்கொரு விதமாக நடந்தால் நாடு தாங்காது. பருப்பும் நல்ல பருப்பாகவே இருந்திருக்கலாம். ஆனால் யார்மேல் பிராதோ அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்து நடந்தால், நியாயமான தீர்ப்பைக்கூட ஊர் எப்படி நம்பும்?

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சோதனைச்சாலையில் வைட்ஹர்ஸ்ட் என்ற ரசாயன நிபுணர், அங்கே நடந்த தவறுகளைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். 1997-ல் அவரை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். அங்கும் பழிவாங்கல்தான். ஆனால் சோதனைச்சாலையை ஆராய்ந்தவர் நீதித்துறையின் தலைமை ஆய்வாளர், எஃப்.பி.ஐ.க்கு வெளியே உள்ளவர். அதே ஆண்டு வெளியான அவருடைய அறிக்கை, புகார்களில் எல்லாவற்றையும் ஏற்காவிட்டாலும் பல கடுமையான தவறுகளை உறுதி செய்தது. 1998-ல் அரசாங்கம் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நம் நாட்டிலும் இப்படிச் சொல்கிறவர்களைக் காக்க 2014-ல் ஒரு சட்டம் ஒப்புதல் பெற்றது. அதை இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை.

சட்டத்தையே குறை சொல்லிக்கொண்டிருக்க எனக்கு வாயில்லை. எழுத்தை நம்பி இறங்குமுன் நான் வேலை பார்த்த இடத்தில், பொய்க் கணக்கு ஒன்றை ஒரு குமாஸ்தா எழுத்து மூலம் மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஒரே வாரத்தில் தொலைவான ஊருக்கு மாற்றல். அந்தக் கணக்கு பொய் என்று எனக்கும் தெரியும். அவர் என்னிடம் வந்தபோது, "உமக்கு எதுக்கு ஓய் இந்த வேண்டாத வேலை?" என்றேன். அதன்பின் கிளம்பும் நாள் வரை அவர் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மேலதிகாரி கொடுத்தது மாற்றல் உத்தரவு ஒன்றுதான். மிச்சத் தண்டனையை நாங்கள் கொடுத்தோம்.