தீட்டும் தொண்டையும்

சோயராபாயின் கேள்வியில் கோபம் தெரியாது. கணக்கு வாத்தியார் கேட்கிற தோரணைதான். உடம்பில் தீட்டு என்கிறீர்களே, தீட்டில்லாமல் உருவான உடம்பு எது, காட்டுங்கள் என்கிறார். 14ஆம் நூற்றாண்டு. மகார் சாதி, பக்திக் கவி சோகாமேளரின் மனைவி. பண்டரிபுரத்தில் விட்டலன் கோயிலுக்குள் விடவில்லை. வெளியே நின்று அபங்கம் என்ற மராத்தி பக்திப் பாட்டைப் பாடினார். ஆன்மா சுத்தம் என்று அவர் சொல்வதும் சரிதான். எனக்கு அதிலிருந்து ஒரு சந்தேகம்: குரல் யாருடையது? ஆன்மாவின் கணக்கில் வருமா, உடம்பின் கணக்கிலா?

மாம்பலத்தில் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் நாதம்தான் பிரம்மம் என்பார். அதே மூச்சில் "முகத்தைக் கோணாதே, கையை வீசாதே, தொடையில் தாளம் போட்டால் சத்தம் வரக்கூடாது" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் காற்றில் பட்டம் விடுகிற மாதிரி கையை வீசுவார்கள். அவர்களுக்கு அது மனோதர்மம். கல்யாணமாகி புனே வந்த பிறகு பார்த்தால் இங்கேயும் அதே கதை. இந்துஸ்தானிப் பாடகி ஹீராபாய் படோதேகர், டிக்கெட் போட்டுக் கச்சேரி செய்த முதல் பெண்களில் ஒருவர். மகத்தான குரல். அவரைப் புகழ்கிறவர்கள் இன்றும் பாட்டோடு நிறுத்துவதில்லை, எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்து பாடுவார் என்பதையும் சேர்த்தே புகழ்கிறார்கள்.

காரைக்கால் அம்மையாரை நம்முடைய முதல் பங்க் பாடகி என்று சொல்ல எனக்கு ஆசை. சுடுகாட்டில் பாட்டு, பேய்கள் கூட்டாளி, தன்னையே பேய் என்று சொல்லிக்கொள்கிற திமிர். ஆனால் அந்த இடத்துக்கு வர அவர் கொடுத்த விலையைப் பெரியபுராணம் சொல்கிறது: அழகான உடம்பை உதறிவிட்டுத்தான் பேயுருவம் பெற்றார். சுந்தரரிடம் யாரும் இந்த விலை கேட்கவில்லை. பரவையாரையும் சங்கிலியாரையும் கட்டிக்கொண்டு, இறைவனையே தூது அனுப்பி, நிம்மதியாகத் தேவாரம் பாடினார்.

ஆஷாட மாதம் பண்டரிபுரம் போகிற ஞானேஸ்வரர் பல்லக்கு புனே பவானி பேட்டில் தங்கும். அதோடு வருகிற கிராமத்துப் பெண்களைப் பார்க்கவென்றே போவேன். தலையில் துளசி மாடம், தொண்டை கட்டுகிற வரை அபங்கம். நடுத்தெருவில் கைகோத்துச் சுற்றி புகடி ஆடுவார்கள். முந்தானை எங்கே போகிறது என்று அன்றைக்கு ஒருவரும் பார்ப்பதில்லை. ஊர் திரும்பினால் மறுபடி தலையில் முந்தானை. விட்டலனின் பெயரால் கிடைத்த அனுமதி விட்டலனோடே முடிந்துவிடுகிறது.

அதே பவானி பேட்டின் காசேவாடிக் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர் ஷீதல் சாட்டே. குஜராத் கலவரத்துக்குப் பின் 2002இல் புனேயில் உருவான கபீர் கலா மஞ்ச் என்ற கலைக்குழுவின் குரல். இந்த ஊர்ப் பிள்ளைகள் ராப்புக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, போவாடா என்ற மராத்திக் கதைப்பாட்டு இருக்கிறது. பாதி பேச்சு, பாதி முழக்கம், டஃப் என்ற பறை அதிர்கிற வேகம். தலைப்பாகை கட்டிய ஆண் பாடகர்களான ஷாகிர்களின் சொத்தாக இருந்த அந்த மரபில் ஷீதல் வயிற்றிலிருந்து எடுத்துச் சாதியைப் பாடுவதை, ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தில் பார்க்கலாம். கழுத்து நரம்பு தெரியும். மாவோயிஸ்டுத் தொடர்பு என்ற வழக்கில் தலைமறைவாக இருந்தவர், ஏப்ரல் 2013இல் மும்பை சட்டமன்றத்தின் முன் வந்து கைதானார். அப்போது கர்ப்பிணி. ஜூனில் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வழக்கின் நியாயத்தை நீதிமன்றத்துக்கு விடுகிறேன். குரலுக்காக உடம்பை உதற மறுத்த ஒரு பாடகி என்றுதான் அவர் என் மனதில் நிற்கிறார்.

அதே 2013 பிப்ரவரியில் காஷ்மீரில் 'பிரகாஷ்' என்ற ராக் குழு கலைந்தது. பள்ளி மாணவிகள் மூவர்; பாட்டும் இசையும் மார்க்கத்துக்கு ஆகாது என்று தலைமை முஃப்தி அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு மாஸ்கோ தேவாலயத்தில் கன்னி மரியாளை நோக்கிக் கத்திப் பாடிய புஸ்ஸி ரயட் என்ற பங்க் குழுப் பெண்களுக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை. அவர்கள் அதைப் பிரார்த்தனை என்றார்கள், நீதிமன்றம் மதத் துவேஷம் என்றது. பிரார்த்தனையா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் மரியாள். அவளை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

புனேயின் கட்கியிலிருந்து என்னிடம் பாட்டுக்கு வரும் பெண் ஒருத்தி, மராத்தியும் தமிழும் கலந்து ராப் எழுதுகிறாள். மாதவிலக்கைப் பற்றியும் ஒன்று எழுதியிருக்கிறாள். நவராத்திரியில் கொலுவுக்கு முன்னால் அதைப் பாடலாமா என்று கேட்டாள். அவள் அம்மாவுக்கு விஷயம்கூடப் பெரிதாகப் படவில்லை. "குனிஞ்சு நிமிர்ந்து, கையை வெட்டி வெட்டி... சாமி முன்னாடி நல்லாவா இருக்கும் டீச்சர்?" என்பதுதான் அவர் கவலை.

எல்.ஆர். ஈஸ்வரியைச் சொன்னேன். பிறப்பால் கிறிஸ்தவர். 1968இல் 'பணமா பாசமா'வில் 'எலந்தப் பயம்' பாடிய தொண்டை. கிளப் டான்ஸ் பாட்டு என்றாலே அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஆடி மாதம் தமிழ்நாட்டில் ஸ்பீக்கர் கட்டிய அம்மன் கோயில்களிலெல்லாம் கூழ் ஊற்றும்போது ஒலிப்பதும் அதே தொண்டைதான். இந்த வாய் அம்மனுக்கு ஆகாது என்று எந்தக் கோயில் கமிட்டியும் கேசட்டைத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.