முன்னோர் குற்றம் நமக்கு இழுக்கா?

குலப்பெருமை பேசுதல் நம்மவர்க்கு நெடுநாட் பழக்கம். அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. செல்வர்க்குச் சாசனம் உண்டு. கோல சிலாங்கூர், ஜெராம், ஈஜோக் முதலிய வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி மடிந்த ஏழைக்கு என்ன உண்டு? அதிகாரிகள் எழுதிவைத்த சில வரிகளே உண்டு. அவற்றுள்ளும் பல, குற்றம் பற்றியவை. கோலாலம்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. அங்கே பாட்டனைத் தேடிச் செல்லும் பேரன், தண்டனை பெற்றோர் வரிசையில் அவர் பெயரைக் கண்டால் நாணி ஏட்டை மூடிவிட வேண்டுமா? இதனையே நாம் ஆராயப் புகுகின்றோம்.

குற்றம் என்பது யாது? 1910இல் ஒழிந்த ஒப்பந்தக் கூலி முறையில், தோட்டத்தை விட்டு ஓடுதல் சிறைக்குரிய குற்றம். ஒப்பந்தம் தவறிய வணிகன் பணம் கட்டினான். கூலியோ சிறை புகுந்தான்.

1941இல் கிள்ளானில் எழுந்து சிலாங்கூர்த் தோட்டங்களிற் பரவிய வேலைநிறுத்தத்தை நோக்குக. தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குத் தொல்லையின்மை, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கும் வழக்கத்தின் ஒழிவு. இவற்றிற்கு விடையாகத் தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதாகிப் பின் நாடுகடத்தப்பட்டார். பட்டாளம் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர். பலர் காவலில் வைக்கப்பட்டனர். இத்தகைய பதிவுகளால் நாணவேண்டியது பேரனா, அச்சட்டமா?

ஆயினும், ஏட்டிலுள்ளோர் எல்லாரும் உரிமை வீரர் அல்லர். மனைவியை வெட்டியவனும், அடுத்த லயத்தில் திருடியவனும் அங்கே இருக்கலாம். அவனையும் தியாகியாக்கினால், வெட்டுண்டவளுக்கு நாமும் அநீதி செய்தவராவோம். அவளும் நம் பாட்டியே அன்றோ! வேறெங்கும் பதியப்படாத அவள் வாழ்வு, அவ்வழக்கின் சாட்சியத்தில் மட்டுமே எஞ்சியிருக்கக் கூடும்.

ஆதலின் ஏட்டைக் கேள்வியோடு படித்தல் வேண்டும். எச்சட்டத்தின்கீழ் வழக்கு? புகார் கொடுத்தவர் கங்காணியா, கிராணியா, துரையா, அல்லது அடிபட்ட அயலானா? தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதியவர் யார்? கைநாட்டு வைத்தவனுக்கு எழுதியது இன்னதென்று தெரியுமா?

பிறப்பினால் உயர்வில்லை என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அது மெய்யாயின், பிறப்பினால் இழுக்கும் இல்லை. பாட்டன் செய்த பிழை பேரனை ஒட்டாது. பாட்டன் பட்ட துன்பமும் பேரனுக்குப் பட்டமாகாது. நமக்குள்ள கடமை ஒன்றே: மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும், உள்ளதை உள்ளவாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல்.