இரையும் ரிஸ்க்கும்

ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்டு வாழ்வது படைப்பின் நியதி. கடலிலே பெரிய மீன் சிறிய மீனை விழுங்குகிறது. வானத்துப் பருந்து கோழிக்குஞ்சைக் கவ்விச் செல்கிறது. நம் வீட்டுச் சுவரிலே பல்லி விட்டிலைப் பிடிக்கிறது. இவற்றைக் கண்டு நாம் யாரையும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பல்லியையும் விட்டிலையும் நாமே பிடித்து ஒரே பெட்டிக்குள் அடைத்தால், அங்கு நடப்பதும் அதே நியதிதானா? அல்லது நம் கை அதில் கலந்துவிட்டமையால் கேள்வியே வேறாகி விடுகிறதா? இதை நம் முன் வைத்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் குடும்பத்தோடு வாழ்கிறார். மகன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்று கடையிலிருந்து ஒரு பச்சோந்தியை வாங்கிக் கொடுத்தார். ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியையும் தாயகமாகக் கொண்ட இனம் அது. இன்று கூண்டுகளிலேயே பெருக்கி விற்கிறார்கள். அதற்கு இரை உயிருள்ள சுவர்க்கோழிகள். அவையும் கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. சில வாரங்கள் மகிழ்ச்சியோடு இரையிட்டு வந்தான் பிள்ளை. ஒரு நாள் மாலை, பச்சோந்தியின் வாய்க்கு வெளியே சுவர்க்கோழியின் கால் துடித்துக் கொண்டிருந்ததைக் கண்டு அழுதுவிட்டான். மறுநாள் முதல், பெட்டியிலிருந்த பூச்சிகளை யாரும் அறியாமல் தோட்டத்தில் கொண்டு போய் விட்டுவிட்டான். நான்கு நாட்கள் சென்றபின், பச்சோந்தியின் உடல் கறுத்து, கண்கள் குழி விழுந்திருப்பதைக் கண்ட தகப்பனார் விசாரித்தார். உண்மை வெளிப்பட்டது. நம்மைத் தொலைபேசியில் அழைத்து, பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொல்லுமாறு வேண்டினார்.

நாம் அவசரப்பட்டு விட்டோம். “தம்பி, பூமியில் ஊர்ந்து திரியும் ஒவ்வோர் உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பு அல்லாஹ்வுடையது என்று ஹூது அத்தியாயம் கூறுகிறது. பச்சோந்திக்குச் சுவர்க்கோழி அவன் கொடுத்த ரிஸ்க். இதில் உனக்குப் பாவமில்லை” என்றோம். சற்று நேரம் மௌனமாயிருந்த பிள்ளை கேட்டான்: “ஹஜ்ரத், ரிஸ்க் அல்லாஹ் கொடுப்பதுதான். ஆனால் பெட்டியைத் திறந்து அதை உள்ளே போட்டது நான்தானே?”

இதற்கு உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. நாளை பேசுவோம் என்று கூறிவிட்டுக் கிதாபுகளைத் திறந்தோம்.

அரபு மொழியில் பச்சோந்திக்கு ‘ஹிர்பாஉ’ என்று பெயர். ஹிஜ்ரி 808இல் மறைந்த எகிப்து நாட்டு அறிஞர் கமாலுத்தீன் அத்தமீரி அவர்கள் தம்முடைய ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் இதற்கும் ஓர் இடம் தந்திருக்கிறார்கள். அடுத்த கிளையைப் பற்றிய பிறகே பற்றியிருந்த கிளையை விடும் இதன் இயல்பைக் கண்ட அரபியர், எச்சரிக்கை மிக்க மனிதரை இதனோடு ஒப்பிட்டார்கள். நாமோ கொள்கை மாறுகிறவனைப் பழிக்கவே இதன் பெயரை எடுக்கிறோம். பாவம், அது வஞ்சகத்தால் நிறம் மாறுவதில்லை. வெப்பத்திற்கும் அச்சத்திற்கும் தன் இனத்தோடு கொள்ளும் உறவுக்கும் ஏற்ப மாறுகிறது. அசையும் பொருளைக் கண்டால்தான் பெரும்பாலும் இதன் கண் விழிக்கும். தன் உடலினும் நீண்ட நாவை இமைப்பொழுதில் வீசி இரையைப் பற்றும். கிண்ணத்தில் தேங்கிய நீரைக் கூட இது எளிதில் அறிந்து கொள்வதில்லை. இலையில் வழியும் துளியை நக்கியே குடிக்கும். ஏமன் இனம் ஓரளவு தழையையும் தின்னுமாயினும் தழையால் மட்டும் உயிர் வாழாது. எனவே இதை வளர்ப்பவர், பூச்சியைக் கொல்லாமல் இதைக் காக்க இயலாது.

இங்கேதான் நாமெல்லாம் சிறு வயதிலிருந்து கேட்டு வரும் பூனையின் ஹதீஸ் புதிய பொருளோடு நம் முன் நிற்கிறது. ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்தாள், தானும் உணவளிக்கவில்லை, பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்கட்டும் என்று அதை அவிழ்த்து விடவுமில்லை. அதன் காரணமாக அவள் நரகத்திற்குரியவளானாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இமாம்கள் புகாரீ, முஸ்லிம் இருவரும் பதிவு செய்த செய்தி இது. பூனை சிற்றுயிர்களைத் தின்பது இங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. அந்த வழியை அடைத்ததே குற்றமாயிற்று. கதவை அடைத்தவள், அந்தப் பிராணிக்கும் அதன் ரிஸ்க்குக்கும் இடையே போய் நின்றாள். அப்படி நின்ற பின் அதற்கு உணவு சேர்க்கும் கடமை அவள் தலைமீது ஏறியது. அதை அவள் நிறைவேற்றவில்லை.

நம் சிறுவனும் இரக்கத்தினால்தான் செய்தான். ஆயினும் ஓர் உயிர்மீது கொண்ட இரக்கம், கூண்டிலிருந்த மற்றோர் உயிருக்குப் பட்டினியாக முடிந்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது. நாம் யாரை அடைத்து வைத்திருக்கிறோம் என்ற நினைவும் வேண்டும்.

அப்படியானால் சுவர்க்கோழிக்கு ஒரு கணக்கும் இல்லையா? இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள பிராணிகளையே காக்கிறது. 2022இல் வந்த சட்டம் உணர்வுள்ளவை என ஏற்ற பட்டியலில் நண்டு, கணவாய் இனங்களைச் சேர்த்தது, பூச்சிகளைச் சேர்க்கவில்லை. ஆகவே அச்சட்டங்களின் கண்ணுக்குப் பச்சோந்தி தெரிகிறது, சுவர்க்கோழி தெரியவில்லை. மார்க்கத்தின் பார்வை அவ்வாறன்று. எறும்பொன்று கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்த ஒரு நபியை அல்லாஹ் கண்டித்த செய்தி ஹதீஸில் உண்டு. தன்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அவர் அழித்துவிட்டார் என்பதே அந்தக் கண்டனம். பூமியில் உலவும் உயிர்களும் சிறகடித்துப் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்து, அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் இருக்கிறது. சுவர்க்கோழிக்கும் கணக்கு உண்டு.

ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார்கள். பிராணி நோயுற்றாலும் முதுமையுற்றாலும் அதற்குச் செலவிட வேண்டும் என்பது ஒன்று. அதைக் காயப்படுத்தும் மற்றொரு பிராணியோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்பது இன்னொன்று. பச்சோந்திக் கூண்டிலோ இவ்விரண்டும் ஒன்றையொன்று மறித்து நிற்கின்றன. முதலாவதை நிறைவேற்ற இரண்டாவதை மீற வேண்டியிருக்கிறது. நமக்குத் தோன்றும் விடை இது: உணவுக்காக நேர்வது தேவை, அத்தேவையின் அளவுக்கு அனுமதி உண்டு. அளவைத் தாண்டியது எதுவோ அது துன்புறுத்தலாகும். பிராணிகளை ஒன்றோடொன்று மோத விடுவதையும், உயிருள்ளதை அம்புக்கு இலக்காக நிறுத்துவதையும் பெருமானார் (ஸல்) தடுத்தார்கள். அவ்விரண்டிலும் பசி இல்லை. பார்ப்பவரின் களிப்பு மட்டுமே இருக்கிறது. இரையிடும் வேளையில் விருந்தினரைக் கூட்டி வைத்துக் கைதட்டிப் பார்ப்பதும் அதன் பக்கத்து வீடுதான்.

எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது அழகிய முறையை, அல்லாஹ் விதித்திருக்கிறான். அறுப்பவர் கத்தியைத் தீட்டிக் கொள்ளட்டும் என்பது நபிமொழி. சுவர்க்கோழிக்குக் கத்தி இல்லை. ஆனால் இஹ்ஸான் உண்டு. தின்னும் அளவுக்கு மட்டும் விடுவது. துள்ளி ஓடாதிருக்க அதன் பின்னங்காலைப் பிய்க்கும் வழக்கத்தை விட்டொழிப்பது. காத்திருக்கும் நாட்களில் பூச்சிகளுக்கும் தழையும் ஈரமும் இருட்டும் கொடுப்பது. மிஞ்சியதை இரவுக்கு முன் எடுத்து விடுவது. எடுக்காவிட்டால் உறங்கும் பச்சோந்தியைச் சுவர்க்கோழிகளே கடித்துக் காயப்படுத்துவதுண்டு. நன்கு தின்ற பூச்சியே பச்சோந்திக்கும் நல்லுணவு. சுண்ணாம்புச் சத்தும் ஏற்ற ஒளியும் குறைந்தால் அதன் எலும்பு மெலிந்து வளையும். ஆதலால் இரைக்குச் செய்யும் நன்மை, உண்பதற்கும் நன்மையாகிறது.

இவையெல்லாம் வாங்கி விட்டவருக்கு. வாங்க நினைப்பவருக்கோ ஒரு கணக்கு: ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து பூச்சி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 900க்கு மேல் ஆகிறது, பச்சோந்தி ஐந்தாண்டு வாழ்ந்தால் 4,500. காட்டிலே அதன் பசிக்கு நாம் பொறுப்பல்ல. வீட்டிலே ஒவ்வொன்றும் நம் கைவழியே போகிறது. பிள்ளையின் ஆறு மாத ஆசைக்கு இத்தனைக்கும் பொறுப்பேற்க வேண்டுமா என்பதைக் கடை வாசலிலேயே எண்ண வேண்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பச்சோந்தியைப் பிடிப்பதையே தடை செய்கிறது. முள்மரத்தில் கண்டால், பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுக் கல்லெறியாமல் நகர்வதே நமக்குரியது.

மறுநாள் சிறுவனிடம் பேசினோம். “நீ சொன்னது சரி, போட்டது நீதான். ஆகவே கணக்கும் உன்னுடையதுதான். ஆனால் பூட்டியதும் நாம்தான் என்பதை மறவாதே” என்று தொடங்கி, மேலே கூறியவற்றை எளிமையாகச் சொன்னோம். அன்று மாலையே அவன் இரையிட்டதாகத் தகப்பனார் தெரிவித்தார். சுவர்க்கோழிப் பெட்டிக்குள் ஒரு துண்டு கேரட்டும் வைத்திருக்கிறானாம். இப்பொழுதும் இரையிடும்போது அவன் சிரிப்பதில்லையாம். இந்தப் பச்சோந்தியின் ஆயுள் முடிந்தபின் மற்றொன்று வாங்க வேண்டாம் என்றும் தானாகவே சொல்லியிருக்கிறான்.

வல்லாஹு அஃலம்.