கீழே இருப்பவன்

அண்டை வீட்டுக்காரன் யார் என்று கேட்டால், சுவருக்கு அப்பால் இருப்பவனைக் காட்டுவோம். அவனோடு சண்டை போடலாம், சமாதானமாகலாம். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பலாம். ஆற்றங்கரையில் வாழ்கிறவனுக்கோ இன்னோர் அண்டை வீட்டுக்காரன் உண்டு. அவன் பல மைல் கீழே இருக்கிறான். அவன் முகம் இவனுக்குத் தெரியாது. ஆனால் இவன் ஆற்றில் விட்டது மட்டும் தவறாமல் அவனிடம் போய்ச் சேர்ந்துவிடும். முகம் தெரியாதவனுக்கு நாம் பட்ட கடன் கடனாகுமா, ஆகாதா?

நொய்யலை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் சிறு நதி அது. திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். பருத்தி அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ள உப்பு வேண்டும், கொஞ்சநஞ்சமல்ல. வேலை முடிந்ததும் மிஞ்சிய சாயமும் உப்பும் நதிக்குப் போயின. பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டி முடித்த அணை, சாயக் கழிவைத் தேக்கிற்று. பாய்ச்சினால் பயிர் கருகும் என்று உழவர்களே அந்தத் தண்ணீரை வேண்டாம் என்றார்கள். வானம் பொய்த்த கதையை நாங்கள் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். தண்ணீர் இருந்தும் தொட முடியாத கதையை எழுத எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பட்டறைக்காரர்கள் கைகட்டிச் சும்மா இருந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. பலர் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தார்கள். சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் கலந்து, நிறத்தை வண்டலாகப் படியவைத்தார்கள். வெளியே வந்த நீர் தெளிவாகவே இருந்தது. உப்போ கரைந்தபடியே இருந்தது. சுண்ணாம்புக்கு அது வசப்படாது. கண்ணில் படும் அழுக்கைப் போக்கிவிட்டு, படாததைக் கீழே அனுப்பும் சுத்தம்! நம்முடைய மற்ற ஒழுக்கங்களில் எத்தனை இந்த ரகம் என்று எண்ணினால் கூச்சமாயிருக்கிறது.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றத்திலும் பட்டறைக்காரர்களின் முறையீடு பலிக்கவில்லை. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்ற கட்டளை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லிற்று. அன்று கூலி இழந்த தொழிலாளி என்ன பாவம் செய்தான்? ஒன்றுமில்லை. ஆனாலும் தீர்ப்பு சரியென்றுதான் நான் சொல்வேன். அவனுடைய பசியைக் காட்டி, அதே அளவு ஏழையான இன்னொருவன் வயலை உப்பாக்க யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பசிக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் லாபம் கண்டவர்கள்; மலிவாகப் பனியன் வாங்கிப் போட்டுக்கொண்ட நாமும் அதில் சேர்த்தி.

பிறகு நீரை அழுத்திச் சவ்வின் வழியே வடித்து, மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தலானார்கள். மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும், செலவு கொஞ்சமல்ல. எதற்கும் உதவாத கலப்பு உப்பும் வண்டலும் மூட்டை மூட்டையாய்ச் சேருகின்றன. முன்பு இவை ஆற்றோடு போய்விடும். இப்போது நிலையத்தின் மதிலுக்குள்ளேயே, மேலே இருப்பவன் கண்ணெதிரே அடுக்கிக் கிடக்கின்றன; எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனே யோசித்தாகவேண்டும்.