பச்சை மரத்துக்குள் இருக்கும் நெருப்பு

 



யாஸீன் சூராவை ஓதாத வீடு நம்மிடம் இல்லை. அதன் கடைசிப் பகுதியில், 80வது வசனத்தில், பச்சை மரத்திலிருந்து நமக்கு நெருப்பை உண்டாக்கியதை அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். மக்கத்துக் காஃபிர் ஒருவன் மட்கிப்போன எலும்பைக் கொண்டுவந்து நபி (ஸல்) அவர்கள் முன்னால் பொடித்துக் காட்டி, இதற்கா மறுபடி உயிர் வரப்போகிறது என்று கேலி பேசினான். அதற்குப் பதிலாக இறங்கிய வசனங்களில் இதுவும் ஒன்று. ஈரமான பச்சைக்குள்ளே நெருப்பை வைத்தவனுக்கு, மண்ணுக்குள்ளே இருப்பவர்களை எழுப்புவது பெரிய காரியமா?

இந்த இடத்தில் தஃப்ஸீர் ஜலாலைனில் மர்க், அஃபார் என்று இரண்டு மரங்களின் பெயர் வரும். அரபு நாட்டு மரங்கள். பச்சைக் கிளைகளை ஒன்றோடொன்று உரசினால் தீ வரும். நம் பிள்ளைகளுக்கு அந்த மரங்களைக் காட்ட முடியாது. தேவையும் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, காற்று அதிகம் போகாமல் நாள் கணக்கில் புகைய விட்டிருப்பார்கள். அந்தக் கரி மூட்டம்தான் இந்த ஆயத்துக்கு நம் ஊரில் இருக்கும் விளக்கம்.

மரத்துக்குள் அந்த நெருப்பு எப்படிப் போனது? மண்ணிலிருந்து என்று நினைத்தால் ஒரு கணக்கைக் கேளுங்கள். வான் ஹெல்மான்ட் என்று ஐரோப்பாவில் ஒருவர். காய வைத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்துவிட்டது. மண்ணைக் காய வைத்து நிறுத்துப் பார்த்தால் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ். இது 1648இல் அச்சில் வந்தது. மீதி முழுக்கத் தண்ணீர்தான் என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. இன்னொரு பாதி அவர் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அது காற்று.

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இலைத்துளைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாம் வெளியே விடும் கரியமில வாயு அதன் வழியாக உள்ளே போகிறது. காற்றில் அது இருப்பதே 10,000 லிட்டருக்கு 4 லிட்டர் அளவுதான். வேர் கொடுத்த தண்ணீரையும், அந்தக் கொஞ்சம் வாயுவையும், வெயிலையும் வைத்து இலை சர்க்கரை செய்கிறது. வேண்டாததாக வெளியே விடுவதுதான் நாம் இழுக்கிற பிராணவாயு. சர்க்கரையிலிருந்து தண்டும் கட்டையும் காயும் உண்டாகின்றன. அப்படியென்றால் மூட்டத்தில் கரியாகிக் கிடப்பது காற்றிலிருந்து வந்த கரி. எரியும்போது வரும் சூடு, என்றோ அந்த இலையில் விழுந்த வெயில். நாம் திட்டித் தீர்க்கிற அதே பங்குனி வெயில்! பச்சை இல்லையென்றால் அது உள்ளே தங்கியிருக்காது. அல்லாஹ் வெறும் மரம் என்று சொல்லாமல், பச்சை மரம் என்று சொன்னதை யோசித்துப் பாருங்கள். இந்த அறிவியலைத்தான் ஆயத் சொல்கிறது என்று அடித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயத்தின் நோக்கம் மறுமை. ஆனால் படித்துவிட்டு ஓதினால் நெஞ்சில் வேறு மாதிரி இறங்குகிறது.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். தண்ணீர்.

நாலு மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வேண்டும். கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு. நம் பனை அந்த உயரத்துக்குச் சத்தமே இல்லாமல் ஏற்றுகிறது. இலையின் வாசலில் ஆவியாகிப் போகிற ஒவ்வொரு துளியும் தனக்குக் கீழே இருப்பதை இழுக்க, அது அதற்குக் கீழே இருப்பதை இழுக்க, வேர் வரை நூல் அறுபடாமல் வருகிறது. தறி ஓட்டுகிற ஊர்க்காரர்கள் நீங்கள். பாவு நூல் அறுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. வேர் எடுக்கும் தண்ணீரில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் ஆவியாகத்தான் போகிறது. வாசலைத் திறந்தால் சோறு வரும், தண்ணீர் போகும். மூடினால் தண்ணீர் மிஞ்சும், சோறு இல்லை.

சோளமும் கம்பும் கொஞ்சமாக வாசலைத் திறந்தே நிறைய வாயுவைப் பிடித்துக்கொள்ளும் திறமையை வாங்கி வந்தவை. நெல்லைவிடக் குறைந்த தண்ணீரில் நம் கரிசலில் அவை விளைவது அதனால்தான். கற்றாழை இன்னும் ஒரு படி மேலே. பகலில் வாசலைச் சாத்திவிடும். ஊர் தூங்கும் இரவில் திறந்து, தனக்கு வேண்டியதை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகலில் அதை வைத்துச் சமைக்கும். தஹஜ்ஜுதுக்கு எழும்புகிறவர்களுக்கு இது புரியும்.

அன்பானவர்களே! பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மையவாடிக்குப் போய்ப் பாருங்கள். ஐப்பசி மழையில் 40 கன்றுகள் நடப்பட்டன. போட்டோ எல்லாம் நன்றாக வந்தது. இன்றைக்கு 11 நிற்கிறது. மீதி 29 எதனால் போயின? தாகத்தால் மட்டும் அல்ல. தாகம் எடுத்ததும் கன்று வாசலைச் சாத்திக்கொண்டது. சாத்தியதால் சோறு ஆக்க முடியவில்லை. பட்டினியும் தாகமும் சேர்ந்து போயின. வருடத்துக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடும் ஊர் இது. குண்டாறு மீதி மாதங்களில் மணலாகக் கிடக்கிறது. இங்கே நடுவது பத்து நிமிட வேலை. முதல் இரண்டு கோடையைத் தாண்ட வைப்பதுதான் ஸதகா. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ தின்றால் அது அவருக்கு ஸதகா என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. செத்த கன்றிலிருந்து எந்தப் பறவை தின்னும்?

சிலர் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், எதுக்கு வீண் செலவு? சீமைக்கருவேலம் தண்ணி ஊத்தாமலே வளருதே?" உண்மைதான். அதே குடும்பத்து மரம் ஒன்றின் வேர், அமெரிக்காவில் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அதன் காயை ஆடு மாடு தின்று, சாணத்தோடு விதையைக் கண்மாய் எங்கும் விதைத்துவிடுகின்றன. கண்மாயையும் வரத்துக்காலையும் அது அடைத்துக்கொள்வதால்தான் 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. அகற்ற வேண்டிய இடத்தில் அகற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த நிழலில் கட்டினால் மாடு மலடாகும், அது காற்றையே விஷமாக்கும் என்று போனில் சுற்றுகிறதே, அதற்கு ஆதாரம் இல்லை. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற ஹுஜுராத் சூராவின் கட்டளை மனிதர்களைப் பற்றிய செய்திக்கு மட்டும் என்று ஏன் வைத்துக்கொள்கிறோம்? மரத்தைப் பற்றிச் சொன்னாலும் பொய் பொய்தான். அந்த மரத்தில் கரி போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் கண் முன்னால் இருக்கின்றன. வெட்டுவதற்கு முன்னால் அவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் இருக்கிறது. கண்மாயில் மூன்றும் இருக்கிறது.

மையவாடிக்கு என்ன மரம் என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. பனை என்கிறார்கள் பெரியவர்கள், வேம்பு என்கிறார்கள் இளைஞர்கள். பனையில் ஆண் வேறு, பெண் வேறு, பேரீச்சையைப் போல. மதீனாவில் ஆண் பாளையை எடுத்துப் பெண் பாளையில் வைத்து மகரந்தம் சேர்ப்பார்கள். அதனால் பெரிதாகப் பலன் இருக்குமா என்பது போல நபி (ஸல்) அவர்கள் ஒரு சொல் சொல்ல, தோழர்கள் விட்டுவிட்டார்கள். அந்த வருடம் விளைச்சல் குறைந்தது. உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆகவே இதில் என்னிடம் ஃபத்வா கேட்க வேண்டாம். பனை ஏறியவரிடமும் தோட்டம் வைத்திருப்பவரிடமும் கேளுங்கள்.

தண்ணீருக்கு மட்டும் நான் ஒரு வழி சொல்கிறேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய 700 மில்லி. நம்மில் ஒருவர் குழாயைத் திறந்து விட்டு 5 லிட்டர் ஓடவிட்டால், ஐந்து வக்துக்கும் சேர்த்து 200 பேருக்கு 1,000 லிட்டர். சுன்னத்தின் அளவில் என்றால் 140 லிட்டர் போதும். அந்த 140 லிட்டரே 40 குழிகளுக்கும் தலைக்கு மூன்றரை லிட்டர் கொடுக்கும். ஒளுச் செய்து விழுந்த தண்ணீரில் மறுபடி ஒளுக் கூடாது. ஆனால் அது நஜீஸ் அல்ல, மரத்துக்குத் தாராளமாக விடலாம். சோப்பும் கிடையாது. இப்போது அது சாக்கடைக்குப் போகிறது. தண்ணீர் பூமிக்குள் இறங்கிப் போய்விட்டால் யார் கொண்டுவந்து தருவார் என்று முல்க் சூராவின் கடைசி ஆயத் கேட்கிறது. போர் போட்டு மண்ணைப் பார்த்தவர்களுக்கு அதன் தஃப்ஸீர் நான் சொல்ல வேண்டியதில்லை.

முதவல்லியிடம் பேசியாகிவிட்டது. ஞாயிறு அஸருக்குப் பிறகு ஒளுச் செய்யும் இடத்திலிருந்து மையவாடிச் சுவர் வரை குழாய் பதிக்க வாய்க்கால் வெட்டுகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். மதரஸாப் பிள்ளைகள் காய்ந்த 29 குழிகளையும் ஆழப்படுத்தி, சுற்றிலும் பாத்தி கட்டி வைப்பார்கள். புதுக் கன்று மழைக்குப் பிறகு. அதுவரை நிற்கிற 11க்கு ஆளுக்கொரு வீடு பொறுப்பு. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தொழுகை முடிந்ததும் முஅத்தினிடம் கொடுங்கள்.

யா அல்லாஹ்! இந்த மண்ணுக்குப் பயன் தரும் மழையைத் தருவாயாக! ஆமீன்.